குடமா? எலுமிச்சையா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் யாராவது ஒருவர் வீட்டில் தமிழ்நாட்டுப் பயணப் பேச்சு அடிபடும். மதுரை, பழனி, திருச்செந்தூர் என்று கோயில்களைச் சுற்றிவிட்டு, பிள்ளைகளுக்காகக் கடைசி இரண்டு நாள் ஊட்டி. திரும்பும்போது பெட்டியில் வர்க்கி, தைலம், தேயிலைத் தூள் எல்லாம் இருக்கும். சிலருக்கு ஆசை அதோடு அடங்காது. ஒரு ரோஜாக் கன்று, வேரோடு ஒரு மல்லிகைப் பதியன் என்று ஈரத் துணியில் சுற்றித் துணிமணிகளுக்கு நடுவே வைத்துவிடுவார்கள். கேட்டால், “ஒரு பிடி மண்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது?” என்பார்கள்.

அந்த ஒரு பிடி மண்ணில் என்ன இருக்கலாம் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். ரவைத் துகள் அளவே உள்ள ஓர் உருண்டை, நீலகிரி உருளைக்கிழங்கு விவசாயிகளை 60 ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்டிப் படைக்கிறது. அதை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அது மலையை விட்டுக் கீழே இறங்காமல் தடுக்க வழி பிறந்தது.

1961-இல் நடந்தது

நீலகிரிக்கு உருளைக்கிழங்கு வந்தது வெள்ளைக்காரர் காலத்தில். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1820-களில் ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தபோது உருளைக்கிழங்கும் மலையேறியது. பிறகு படகர் இன மக்கள் அதைத் தங்கள் பயிராகவே ஆக்கிக்கொண்டார்கள். மலையில் விளைந்த கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்து பல ஊர்களுக்கும் போனது.

1961-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற அறிஞர் ஊட்டிக்கு வந்தார். விஜயநகரம் என்ற இடத்திலிருந்த உருளைக்கிழங்குப் பயிரின் வேரில், தம் நாட்டில் பார்த்துப் பழகிய சின்னஞ்சிறு உருண்டைகளை அவர் கண்டார். ‘தங்க நூற்புழு’ என்று உலகம் அஞ்சும் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் இருப்பது அன்றுதான் தெரியவந்தது.

கவனியுங்கள். புழு அன்றைக்குத்தான் வந்து இறங்கியது என்று அர்த்தமில்லை. அதற்கு முன்பே அது மண்ணுக்குள் இருந்திருக்கிறது. செடிகள் திட்டுத் திட்டாக வாடியிருக்கும், கிழங்கு சிறுத்திருக்கும். மண்ணில் சத்துக் குறைந்துவிட்டது, மழை பொய்த்துவிட்டது என்று காரணம் சொல்லியிருப்பார்கள். வேரைப் பிடுங்கிப் பார்த்து, இது இன்னது என்று பெயர் சொல்ல ஒருவர் வரவேண்டியிருந்தது.

எங்கிருந்து வந்தது?

இந்தப் புழுவின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். உருளைக்கிழங்கின் தாயகமும் அதுதான். கிழங்கு கப்பலேறி உலகைச் சுற்றியபோது, அதில் ஒட்டியிருந்த மண்ணோடு புழுவும் சுற்றியது. ஜெர்மனியில் 1881-இல் இதை உருளைக்கிழங்கு வேரில் கண்டார்கள். 1923-இல் ரோஸ்டாக் நகரத்தின் பெயரால் இதற்கு ‘ரோஸ்டோகியென்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 1941-இல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் தென்பட்டது. 1986-இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

நமக்குப் பக்கத்திலும் வந்துவிட்டது. 2003-இல் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், பத்து என்ற மலைப்பகுதியில் இது இருப்பதைக் கண்டார்கள். இந்தியாவில் தெற்கு மலைகளோடு நிற்கும் என்று நம்பியிருந்த நேரத்தில், இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தரகாண்ட் ஆகிய வடக்கு மலைகளிலும் தென்பட்டதால், 2018-இல் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கட்டுப்பாடு விதித்தார்கள்.

இந்தப் புழுவால் சொந்தமாகத் தூரம் போக முடியாது. மண்ணுக்குள் ஓர் ஆண்டில் ஒரு மீட்டர் நகர்ந்தாலே அதிகம். கடல் தாண்டிய தூரமெல்லாம் மனிதர் சுமந்து சென்ற தூரம். விதைக்கிழங்கு, சாக்கு, மண்வெட்டி, டிராக்டர் சக்கரம், காலணி ஆகியவைதான் அதற்கு வாகனம்.

தாயின் உடலே கூடு

மண்ணில் காத்திருக்கும் முட்டைக்குள் குட்டிப்புழு சுருண்டு கிடக்கும். பக்கத்தில் உருளைக்கிழங்குச் செடி வேர் விட்டால், அந்த வேரிலிருந்து கசியும் ஒரு பொருள் மண்ணீரில் கலந்து முட்டையை எட்டும். அந்தச் செய்தி கிடைத்ததும் குட்டிப்புழு ஓட்டைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். தன் வாயிலுள்ள ஊசியால் வேரைத் துளைத்து உள்ளே புகுந்து ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும். அங்குள்ள செல்களைத் தனக்குத் தீனி போடும் சமையலறையாக மாற்றிக்கொள்ளும்.

ஆண் புழு வளர்ந்ததும் மீண்டும் நூல்போல் மெலிந்து வெளியேறிவிடும். பெண் புழு அசையாது. உடல் ஊதி உருண்டையாகி, வேரின் தோலைப் பிளந்துகொண்டு பின்பக்கம் வெளியே தெரியும். தலை மட்டும் வேருக்குள் இருக்கும். உடலுக்குள் 200 முதல் 500 வரை முட்டைகள் நிறைந்ததும் பெண் புழு இறந்துவிடும். இறந்த பிறகும் அதன் தோல் அழுகாது. பதனிட்ட தோலைப்போல் இறுகிப் பழுப்பு நிறமாகி, முட்டைகளைக் காக்கும் பெட்டகமாகிவிடும். ‘முட்டைக்கூடு’ என்பது இதைத்தான். தாயின் உடலே பிள்ளைகளுக்கு வீடு.

செடியைப் பிடுங்கினால் கூடு மண்ணில் உதிர்ந்துவிடும். பிறகு வெயில், பனி, வறட்சி எது வந்தாலும் 20 ஆண்டுக்கு மேல் உள்ளே உயிர் தாங்கும். எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிப்பதும் இல்லை. கொஞ்சம் இந்த ஆண்டு, கொஞ்சம் அடுத்த ஆண்டு என்று பங்கு பிரித்து வைத்திருக்கும். ஒரே ஒரு பருவம் பயிரை மாற்றிவிட்டால் தொல்லை தீராததற்கு இதுதான் காரணம்.

குடத்தையும் எலுமிச்சையையும் பிரிப்பது எப்படி?

முட்டைக்கூடு கட்டும் நூற்புழுக்களில் பல பேரினங்கள் உண்டு. அவற்றில் பயிருக்குப் பெரிய எதிரிகள் இரண்டு. ஒன்று ‘ஹெட்டிரோடெரா’, மற்றது ‘குளோபோடெரா’. உருளைக்கிழங்குப் புழு இரண்டாவது வகை. இரண்டும் அரை மில்லிமீட்டர் அளவுதான். சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் போதும், வடிவத்தை வைத்தே முதல் அடையாளம் சொல்லிவிடலாம்.

ஹெட்டிரோடெராவின் கூடு எலுமிச்சை வடிவம். ஒரு முனையில் கழுத்து நீட்டியிருக்கும், மறு முனையிலும் ஒரு கூம்பு துருத்தியிருக்கும். குளோபோடெராவின் கூடு குடம் மாதிரி. ஒரு பக்கம் கழுத்து உண்டு, அடிப்பக்கம் உருண்டையாக முடிந்துவிடும், கூம்பு இருக்காது. ‘குளோபோ’ என்பதற்கே உருண்டை என்றுதான் பொருள். ராஜஸ்தானில் கோதுமையிலும் பார்லியிலும் ‘மோலியா’ என்ற நோயை உண்டாக்குவது எலுமிச்சைக்காரன். நெல்லைத் தாக்கும் சிற்றினங்களும் எலுமிச்சைக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கேரளாவில் கண்டு 1978-இல் விவரித்தார்கள். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் நெல்வயல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது அடையாளத்துக்கு நுண்ணோக்கி வேண்டும். கூட்டின் பின்பகுதியை மெல்லிய கத்தியால் சீவி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே தோல் மெலிந்த ஒரு சிறு ஜன்னல் தெரியும். குளோபோடெராவில் அது ஒரே ஒரு வட்ட ஜன்னல். ஹெட்டிரோடெராவில் அந்த ஜன்னலின் குறுக்கே ஒரு பாலம் ஓடி அதை இரண்டாகப் பிரிக்கும்.

மூன்றாவது அடையாளம், குடத்துக்குள்ளேயே இரண்டு வகையைப் பிரிப்பது. இளம் பெண் புழு வேரைப் பிளந்து வெளிவரும்போது வெள்ளையாக இருக்கும். ரோஸ்டோகியென்சிஸ் என்றால் பழுப்பாகும் முன் பல நாள் தங்க மஞ்சளாக மின்னும். தங்க நூற்புழு என்ற பெயர் வந்தது அப்படித்தான். ‘பாலிடா’ என்ற மற்றொரு சிற்றினம் தங்க நிறத்தைக் காட்டாமல், வெள்ளையிலிருந்து நேராகப் பழுப்புக்குப் போய்விடும். பாலிடா என்றாலே வெளுத்தது என்று பொருள்.

நிறம் போய்க் காய்ந்த கூடு மட்டும் கிடைத்தால் அளவெடுப்பார்கள். ஆசனத் துளைக்கும் ஜன்னல் விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஜன்னலின் விட்டத்தால் வகுப்பார்கள். விடை 3-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ரோஸ்டோகியென்சிஸ், குறைவாக இருந்தால் பெரும்பாலும் பாலிடா. அந்த இடைவெளியிலுள்ள தோல் மடிப்புகளையும் எண்ணுவார்கள். 14-க்கு மேல் என்றால் முதல் வகையின் பக்கம், குறைந்தால் இரண்டாவதன் பக்கம். இரண்டு வகையின் அளவுகளும் ஓரத்தில் ஒன்றோடொன்று கலக்கும். அதனால் ஒரு கூட்டை மட்டும் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. பல கூடுகளை அளந்து, குட்டிப்புழுவின் வாய் ஊசியையும் பார்த்து, தேவையானால் மரபணுச் சோதனையும் செய்துதான் முடிவு சொல்வார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு?

படிக்கிற உங்களுக்கு ஒரு கேள்வி எழலாம். புழு என்றால் புழுதானே, மருந்தைப் போட்டால் சாகாதா? ஜன்னல் வட்டமா, மடிப்பு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா?

இங்கிலாந்து இதற்குப் பாடம் படித்தது. 1966-இல் அங்கே ‘மாரிஸ் பைப்பர்’ என்ற கிழங்கு ரகத்தை வெளியிட்டார்கள். தங்க நூற்புழுவைத் தாங்கும் மரபணு அதில் இருந்தது. விவசாயிகள் மகிழ்ந்து எங்கும் நட்டார்கள். ரோஸ்டோகியென்சிஸ் அடங்கியது. ஆனால் அந்த மரபணு பாலிடாவைத் தடுக்காது. போட்டிக்கு ஆளில்லாமல் பாலிடா பெருகி, அந்நாட்டின் முதன்மைத் தொல்லையாக மாறியது. அந்த ரகம் வந்த நாளில் இரண்டையும் ஒரே புழு என்றுதான் நினைத்திருந்தார்கள். பாலிடா தனிச் சிற்றினம் என்று ரோதம்ஸ்டெட்டின் ஸ்டோன் என்பவர் விவரித்தது 1973-இல்தான்.

நீலகிரியில் இரண்டு சிற்றினங்களும் இருக்கின்றன. ஆகவே அங்கே ஒன்றை மட்டும் தாங்கும் கிழங்கை நட்டால் மற்றதற்கு விருந்து வைத்ததாகிவிடும். ஊட்டி முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில், இரண்டையும் தாங்கும் ‘குஃப்ரி ஸ்வர்ணா’ ரகம் 1985-இல் வெளிவந்தது. அண்மை ஆண்டுகளில் குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகிய ரகங்களும் வந்தன. பெயர் சரியாகத் தெரிந்ததால் பிறந்த ரகங்கள் இவை.

அதற்காகப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1968-இல் வெளிவந்த குஃப்ரி ஜோதி ரகம் மலையில் பரவலாக வேரூன்றிவிட்டது. சந்தையில் அதற்குப் பேர் உண்டு, ஆனால் அது இந்தப் புழுவைத் தாங்காது. அடுத்த மாதம் கடனைக் கட்ட வேண்டிய விவசாயியிடம் 20 ஆண்டுக் கணக்கைச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல. பூண்டு, கேரட், முட்டைகோஸ், பீன்ஸ், முள்ளங்கி என்று பயிரை மாற்றி மாற்றி நடச் சொல்கிறார்கள். புழுவுக்கு உணவு கிடைக்காத ஆண்டுகளில் மண்ணிலுள்ள முட்டைகளில் ஒரு பங்கு தானாகப் பொரிந்து பட்டினியால் சாகும். எண்ணிக்கை குறையும், ஆனால் பூச்சியத்துக்கு வராது.

1971-இல் தமிழ்நாடு அரசு, நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடைக்குப் பின்னால் எத்தனை குடும்பங்களின் வருமானம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். நல்ல குளிர்மலையில் விளையும் விதைக்கிழங்குக்கு நல்ல விலை உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓர் உருண்டையால் அந்த வழி அடைபட்டது.

நமக்கு இதில் என்ன?

கோல சிலாங்கூர் வெயிலில் உருளைக்கிழங்கு விளைவதில்லை. குளிர்ந்த மண்ணை விரும்பும் இந்தப் புழுவும் நம் சமவெளியில் செழிக்காது. ஆனால் கேமரன் மலையின் மண் குளிர்ந்தது. அங்கே தக்காளி விளைகிறது. தக்காளியும் கத்தரியும் உருளைக்கிழங்கின் உறவுகள், இந்தப் புழு அவற்றிலும் வாழும். ஊட்டியிலிருந்து வரும் ஒரு கன்று நம் வீட்டு வாசலோடு நிற்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? கேமரனிலுள்ள அத்தை வீட்டுக்கு அதில் ஒரு கிளை போகாதா?

தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிப் பிழைத்ததற்கே ஒரு நோய் கப்பல் ஏறாமல் போனது காரணம். பிரேசிலிலிருந்து 1876-இல் சுமார் 70,000 ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. ரப்பர் இலையைக் கருக்கும் தென் அமெரிக்க நோய் அவற்றோடு வரவில்லை. பிரேசிலிலேயே ரப்பர்த் தோட்டம் போட 1928-இல் இறங்கிய ஃபோர்டு நிறுவனம், பெரும் பணம் கொட்டியும் அந்த நோயிடம் தோற்று, 1945-இல் விற்றுவிட்டு வெளியேறியது. அங்கே வளராத தோட்டம் இங்கே வளர்ந்தது. அந்த நோய் உள்ளே வந்துவிடக் கூடாது என்று மலேசியா இன்றைக்கும் விழிப்பாக இருக்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு ‘கானோடெர்மா’ தெரியும். மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தால் மரம் உள்ளுக்குள் அழுகிவிட்டது என்று அர்த்தம். பழைய மரத்தை வெட்டிப் புதிதாக நட்டாலும், மண்ணில் கிடக்கும் பழைய வேரிலிருந்து அது புதுக் கன்றைப் பிடிக்கும். மண்ணுக்குள் குடியேறிய நோயை வெளியேற்றுவது எவ்வளவு பாடு என்பதை நம் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால்தான் சட்டம் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடைச் சட்டப்படி, செடி, கன்று, மண் எதையும் அனுமதிக் கடிதம் இல்லாமல் மலேசியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் அதிகாரிகள் பெட்டியைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிக்கத் தேவையில்லை. ஊட்டியில் வாங்கிய வர்க்கியையும் தைலத்தையும் காட்டலாம். கன்று வேண்டுமென்றால் இங்குள்ள நாற்றுப் பண்ணையில் கிடைக்கும். மலைப் பயணத்தில் சேறான காலணியைக் கழுவித் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். செலவில்லாத வேலை அது.

உங்கள் வீட்டுத் தோட்டத்தில்

கடைசியாக, இந்த வாரமே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. முட்டைக்கூடு நூற்புழுவுக்கு ஓர் ஒன்றுவிட்ட உறவு உண்டு. ‘வேர்முடிச்சு நூற்புழு’ என்று பெயர். இதற்கு வெயில் பிடிக்கும். வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், வெள்ளரி எதையும் விடாது. உங்கள் வீட்டுக் கத்தரிச் செடி தண்ணீர் ஊற்றியும் உச்சி வெயிலில் துவண்டு, மாலையில் நிமிர்ந்து, நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டே போனால், ஒரு செடியைக் கவனமாகத் தோண்டியெடுத்து வேரை நீரில் அலசிப் பாருங்கள்.

வேர் அங்கங்கே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. இதில் பெண் புழு வேருக்குள்ளேயே இருக்கும். முட்டைக்கூடு நூற்புழு என்றால் வேர் வீங்காது. வேரின் மேல் மணி கோத்ததுபோல் சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கும். பயற்றங்காய்ச் செடியின் வேரிலும் முடிச்சு இருக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். விரலால் தேய்த்தால் அது உதிர்ந்துவிடும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது செடிக்குச் சத்துச் சேர்க்கும் நல்ல முடிச்சு. புழுவின் முடிச்சு தேய்த்தாலும் உதிராது, ஏனென்றால் அது வேரின் வீக்கம்.

புழுவின் முடிச்சைக் கண்டால் செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடாதீர்கள். அந்தத் தொட்டி மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றவோ, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவோ வேண்டாம். மண்ணை ஈரமாக்கி, தெளிந்த பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி, சில வாரம் நல்ல வெயிலில் வையுங்கள். அடுத்து அந்த இடத்தில் செண்டுமல்லி நடுங்கள். அதன் வேர் இந்தப் புழுவைக் குறைக்கும், பூவும் சாமிக்கு ஆகும்.

செடி வாடினால் உரம் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் வேரைப் பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். இன்றைக்குக் கத்தரி வேரில் முடிச்சைப் பார்க்கும் பிள்ளைக்கு, மண்ணும் காக்கப்பட வேண்டிய ஒன்று என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.